நாடாவில் இரண்டு முடிச்சு

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘அப்புறம் சார்’. யார் எதைச் சொன்னாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, பேனாவை அந்தரத்தில் நிறுத்தி, “அப்புறம்?” என்பார். சொன்னவர் அடுத்ததைச் சொல்வார். மறுபடியும் “அப்புறம்?” ஒரு கட்டத்தில் எதிரே இருப்பவருக்கு எரிச்சல் வரும். அதைத் தாண்டினால் சிரிப்பு வரும். அதையும் தாண்டினால், இத்தனை வருஷமாகச் செய்துவந்த வேலையைத் தானே இப்போதுதான் பார்ப்பதுபோல ஒரு யோசனை முகத்தில் வரும். அந்த முகத்துக்காகத்தான் அவர் காத்திருப்பார்.

இந்த வாய்ப்பழக்கத்தால் அவர் கெட்டதும் உண்டு. வாலிபத்தில் ஒரு பெண்ணோடு கல்யாணப் பேச்சு நடந்தது. இருவரும் தனியே பேசட்டும் என்று பெரியவர்கள் விட்டார்கள். அந்தப் பெண் தன் படிப்பைச் சொன்னாள், நீச்சல் பழகியதைச் சொன்னாள், பிடித்த நிறத்தைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் இவர் உள்ளபடியே ஆர்வத்தோடு “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போலீஸ் விசாரணையில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது என்று அவள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாளாம். பேச்சு அத்தோடு நின்றது. வேறு பேச்சும் அமையவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பது அவருடைய அக்காவின் வேலை.

அக்காவும் தம்பியும் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் அவர், ஜன்னல் உள்ள பின்னறையில் அக்கா. அக்காவின் கணவர் காலமான பிறகு அமைந்த ஏற்பாடு இது. அக்கா நூற்பாலையில் வேலை பார்த்தவள். ஓடுகிற இயந்திரத்தில் அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுச் சேர்க்கிற வேலை. நூல் சேர்ந்தது, பஞ்சுத் தூசி நெஞ்சில் சேர்ந்தது. வேலையை விட்டு வெகுகாலம் கழித்து நுரையீரல் கணக்குத் தீர்க்க ஆரம்பித்தது. இப்போது கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நின்றது. அதிலிருந்து வரும் மெல்லிய டியூப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே தெருவை வேவு பார்ப்பாள். வாய் மட்டும் பழைய வாய்தான். என்ன, ஒரு கேலியை முடிப்பதற்குள் நடுவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், “கம்ப்யூட்டர்ல ஏதோ” என்று முடித்துக்கொள்வாள். உண்மையில் அவர் கம்ப்யூட்டரைத் தொடுவது குறைவு. ஒரு நிறுவனம் தன் வேலைகளைக் கணினிக்கு மாற்ற நினைத்தால், நிரல் எழுதுகிறவர்களுக்கு முன்னால் இவர் அங்கே போவார், துணியில் கத்திரி வைப்பதற்கு முன் அளவெடுக்கிற தையல்காரர் மாதிரி. யார் யாரிடம் எதைச் சொல்கிறார்கள், சொன்னது எங்கே போகிறது, போன இடத்தில் என்னவாகிறது என்று ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து கேட்பார். கேட்டதைப் படமாக வரைவார். ஒரு வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு வட்டம். ஒரு வட்டத்திலிருந்து மற்றதற்குப் போகும் சேதிக்கு ஓர் அம்பு. வாடிக்கையாளர், வங்கி என்று நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சதுரம். இந்தப் படம் சரிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான், புது அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சையே எடுப்பார்.

இரண்டு விஷயத்தில் கறாராக இருப்பார். பெயரில்லாத அம்பு வரையக் கூடாது. அது எதைக் கொண்டுபோகிறது என்று தெரியாவிட்டால் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அடுத்தது, சதுரத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. வாடிக்கையாளர் தன் வீட்டில் என்ன செய்கிறார் என்பது நம் பாடு இல்லை; அவரிடமிருந்து வரும் சேதி மட்டும்தான் நமக்கு. படிக்கிற காலத்தில் சொல்லிக்கொடுத்தது. அதை அவர் வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலில் அவர் விழுந்தது ஒரு செருப்புத் தொழிற்சாலையில். அதுதான் முதல் வேலை. எங்கோ ஒரு கடைக்காரர் போனில் கேட்ட செருப்பு, தோல் வெட்டும் அறைக்கும் தையல் அறைக்கும் பசை நாற்றம் அடிக்கும் கூடத்துக்கும் எப்படிச் சேதியாகப் போகிறது என்று பின்னாலேயே நடந்தார். நடந்து முடித்துப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அங்கே ஒருவருக்கும் முழுக்கதை தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் ஒரு கை, தனக்குப் பின்னால் ஒரு கை, அவ்வளவுதான் தெரியும். ஆனால் சாயங்காலம் சரியான கடைக்குச் சரியான அளவுச் செருப்பு வண்டியில் ஏறிவிடுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்காவிடம் இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. “செருப்பு வண்டியில ஏறினதுக்கா கண்ணு கலங்குற?” என்று கேட்டாள் அக்கா. அப்போது அவளுக்கு நல்ல மூச்சு இருந்தது. சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்கள் போனார். அச்சகம், பஸ் பணிமனை, கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறை. அந்த மலைப்பு மட்டும் அவருக்குத் தேயவே இல்லை. பெரிய மலைகளைப் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் உண்டு. இவர் ஒரு சரக்கு அறையின் வாசலில் நின்று வாய் பிளப்பார். கூட வேலை செய்தவர்கள் இதை ஒரு கிறுக்கு என்றே வைத்திருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் ஆக்சிஜன் கம்பெனி வந்தது. அக்காவுக்கு சிலிண்டர் கொடுக்கும் அதே கம்பெனி. அதன் முதலாளியம்மா அவருடைய அலுவலகத்துக்கு வந்து, வீடுகள் பெருகிவிட்டன, வேன்கள் ஒரே தெருவில் முன்னும் பின்னும் போகின்றன, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றித் தர வேண்டும் என்று கேட்டார். யார் போவது என்ற பேச்சே எழுவதற்குள் அப்புறம் சார் கையைத் தூக்கிவிட்டார். மற்ற இடங்களில் ஓர் அம்பு விட்டுப்போனால் ஒரு ஜோடி செருப்பு தப்பான கடைக்குப் போகும். இங்கே விட்டுப்போனால் ஒரு வீட்டில் மூச்சுத் திணறும். அந்த வீடுகளில் ஒன்று தன் வீடு என்பதால், இதை வேறு யாரிடமும் விட அவருக்கு மனம் வரவில்லை.

முதல் வேலை, இது தேவைதானா, இவர்களால் தாங்குமா என்று பார்ப்பது. சிலரிடம் வேண்டாம் என்று சொல்லி வந்த வேலையைத் திருப்பி அனுப்பியவர் அவர். இங்கே தேவை என்று தெரிந்தது. அடுத்து, கேட்பது. அந்தக் கம்பெனியில் போன் கிளார்க்கின் மேஜையில் ஆரம்பித்தார். போன் வரும், முகவரியைக் குறித்துக்கொள்வேன், கிடங்குக்கு அனுப்புவேன் என்றார் கிளார்க். அப்புறம்? கிடங்கில் மேஸ்திரி என்று எல்லோரும் கூப்பிடுகிற பெரிய மீசைக்காரர் இருந்தார். காலி சிலிண்டர் வரும், நிரப்பும் அறைக்குப் போகும், நிரம்பி வந்ததை மறுநாளைக்கு வரிசையில் வைப்பேன் என்றார். அப்புறம்? வேன் டிரைவர், வரிசையில் இருப்பதை ஏற்றுவேன், வீட்டில் இறக்குவேன், காலியை எடுத்துவருவேன் என்றார். அப்புறம்? “அப்புறம் அடுத்த வீடு சார்” என்று டிரைவர் சிரித்தார்.

ஆக்சிஜன் நிரப்பும் அறையில் அவர் வெகுநேரம் நின்றார். குழாய்களின் வாயில் சிலிண்டர்கள் வரிசையாக மாட்டியிருக்க, அளவுமானிகளின் முள் எல்லாம் ஒன்றுபோல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இதில் எந்த சிலிண்டர் தன் வீட்டுப் பின்னறைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதை நினைத்ததும் அவருக்குக் கை கூப்பத் தோன்றியது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

படத்தைக் கூட்ட அறைச் சுவர் முழுக்க ஒட்டினார். எல்லோரையும் வந்து பார்க்கச் சொன்னார். இது அவருடைய வழக்கம். தப்பு இருந்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்பது கணக்கு. மேஸ்திரி கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தன் வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து புறப்படும் அம்பின் மேல் விரலை வைத்து, அது போகும் வழியெல்லாம் விரலையும் நகர்த்திக்கொண்டே போனார். விரல் சுவரின் கடைசியில் ‘வாடிக்கையாளர்’ என்று எழுதிய சதுரத்தில் போய் முட்டியது. “நான் வைக்கிற வரிசையா இவ்ளோ தூரம் போகுது?” என்றார். போன் கிளார்க் தன் மனைவிக்கு அனுப்ப அதைப் படம் பிடித்துக்கொண்டார். தப்பு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

பிறகு புது அமைப்பை வடிவமைத்தார். போன் வந்ததும் கிளார்க் திரையில் பதிவார். எந்த வேன் எந்தத் தெருவுக்கு என்று அது பிரித்துச் சொல்லும். கிடங்குத் திரையில் மறுநாளைக்கு எத்தனை சிலிண்டர் என்று வரும். அவருடைய அலுவலகத்து புரோகிராமர், கெட்டிக்காரப் பெண், அவர் வரைந்ததையெல்லாம் நிரலாக்கினாள். கம்பெனியின் பழைய பதிவுகளையே உள்ளே ஊற்றிச் சோதித்தார்கள். பழைய பதிவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எதிரே ‘போன் மூலம்’ என்றுதான் இருந்தது. அப்படியே புது அமைப்பும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு பிசகும் இல்லை. “தூக்கம் வருது சார், அவ்வளவு நல்லா ஓடுது” என்றாள் அவள்.

ஆனாலும் அவர் விடவில்லை. பழைய முறையும் புதுசும் சில வாரம் சேர்ந்து ஓடட்டும், பழையதை அதற்குப் பிறகு நிறுத்தலாம் என்று முதலாளியம்மாவிடம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். இரட்டை வேலை என்று முதலாளியம்மா முகம் சுளித்தார். அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் என்று பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

சேர்ந்து ஓடிய முதல் காலையிலேயே விஷயம் வெளியே வந்தது. அவர் கிடங்குத் திரையின் முன்னால் நின்றார். திரை சொன்னதைவிட அதிகமான சிலிண்டர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. ஏதோ கைத்தவறு என்று நினைத்து, டிரைவரிடம் அதிகப்படியாக இருப்பதைக் காட்டி இது யாருக்கு என்று கேட்டார்.

“உங்க வீட்டுக்குத்தான் சார்” என்றார் டிரைவர். “அக்காவுக்கு.”

திரையில் அவர் வீடே இல்லை. கிளார்க்கிடம் ஓடி, நேற்று என் அக்கா போன் செய்தாளா என்று கேட்டார். இல்லை என்றார் கிளார்க். போன வாரம்? இல்லை. கிளார்க் கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் அக்காவின் குரலையே நான் கேட்டதில்லை என்றார். அப்படியானால் பதிவில் ஒவ்வொரு தடவையும் ‘போன் மூலம்’ என்று இருக்கிறதே? அதற்கு கிளார்க் கொஞ்சமும் ஒளிக்காமல் பதில் சொன்னார். சாயங்காலம் கிடங்கிலிருந்து மறுநாளைக்கு எது எது போகிறது என்று சொல்வார்கள். பதிவில் ‘போன் மூலம்’ என்று ஒரே ஒரு தலைப்புதான் உண்டு. வேறு எதில் போடுவது? அதனால் அதிலேயே போட்டுவிடுவேன்.

வாழ்க்கை முழுக்க முன்னோக்கிக் கேட்ட அப்புறம் சார் அன்றைக்குப் பின்னோக்கிக் கேட்க ஆரம்பித்தார். மேஸ்திரியிடம் போனார். போன் வராத வீட்டுக்கு எப்படி சிலிண்டர் எடுத்து வைக்கிறீர்கள்? மேஸ்திரிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. காலி சிலிண்டர்களில் சிலவற்றை டிரைவர், எந்த வீட்டுடையது என்று சொல்லி, இடது பக்கமாக இறக்குவார். இடது பக்கம் வந்தது என்றால் அந்த வீட்டுக்கு நாளைக்கே வேண்டும், அவ்வளவுதான். அப்புறம்? நாடாவில் இரண்டு முடிச்சு இருந்தால் ஒன்றுக்கு இரண்டாக வைப்பேன். எந்த நாடா?

மேஸ்திரி அவரைக் கிடங்கின் இடது மூலைக்குக் கூட்டிப்போனார். காலி சிலிண்டர்கள் நின்றன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் வெள்ளை நாடா ஒன்று கட்டியிருந்தது. மூக்கில் மாட்டும் டியூப் புதிதாக வரும்போது அதைச் சுருட்டிக் கட்டியிருப்பார்களே, அந்த நாடா. தூக்கி எறிய வேண்டியது. சிலதில் ஒரு முடிச்சு. சிலதில் இரண்டு.

டிரைவர்தான் மீதியைச் சொன்னார். சிலிண்டர் வாங்குகிறவர்களில் பலருக்குப் போனில் பேச முடியாது. முகவரி சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். கிளார்க் “என்னங்க? சரியா கேக்கலை” என்று திருப்பிக் கேட்டால் இன்னும் மோசம். அதனால் காலி சிலிண்டரிலேயே நாடாவைக் கட்டி வைத்துவிடுவார்கள். நாடா இல்லையென்றால் அவசரமில்லை. ஒரு முடிச்சு என்றால் வழக்கம்போல. இரண்டு என்றால், இப்போதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, கூடுதலாகக் கொண்டு வா.

“நான் உங்ககிட்ட அப்புறம் அப்புறம்னு கேட்டப்ப இதை ஏன் சொல்லலை?” என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை.

“நீங்க வேலையைப் பத்தித்தானே சார் கேட்டீங்க” என்றார் டிரைவர். “இது வேலையா? அவங்க கட்டி வைப்பாங்க, நான் பார்ப்பேன்.”

யார் இதை ஆரம்பித்தது என்று கேட்டார். டிரைவர் மேஸ்திரியைக் கைகாட்டினார். மேஸ்திரி, முன்னால் இருந்த டிரைவர் காலத்திலிருந்தே உண்டு என்றார். ஏதோ ஒரு வீட்டில் ஒரு தரம் கட்டியிருப்பார்கள். வேறு யாரோ அதைப் பார்த்திருப்பார்கள். பேசத் திராணி இல்லாதவர்களிடம் பேசித்தான் ஆர்டர் தர வேண்டும் என்று கம்பெனி கேட்டது. அவர்கள் எதிர்த்து ஒன்றும் சொல்லாமல், எறிய வேண்டிய ஒரு நாடாவைக் கட்டினார்கள். டிரைவர் அதைப் பார்த்து இடது பக்கம் இறக்கினார். மேஸ்திரி இடது பக்கத்தைப் பார்த்து வரிசையில் வைத்தார். கிளார்க் அதை ஏதோ ஒரு தலைப்பில் எழுதி வைத்தார். ஒருவரும் திட்டம் போடவில்லை. ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. இத்தனை வருஷமாக ஒரு வீடும் விட்டுப்போகவில்லை. அப்புறம் சார் அந்த இடது மூலையில், காலி சிலிண்டர்களுக்கு நடுவே, கோயிலுக்குள் வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வந்த மலைப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அவருக்குத் தன் வீட்டு சிலிண்டர் நினைவு வந்தது. அதையும் அங்கேயே தேடிக் கண்டுபிடித்தார். இறுக்கமான, சின்ன, ஆலைக்காரர்கள் போடுகிற முடிச்சு. இரண்டு இருந்தது.

“இது எப்போலேர்ந்து ரெண்டு?”

டிரைவர் அவரைப் பார்த்தார். பிறகு சிலிண்டரைப் பார்த்தார். “கொஞ்ச நாளாவே ரெண்டுதான் சார். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. பின்னறைக் கதவுக்குப் பின்னால் சமீபமாக இரண்டு சிலிண்டர் நிற்பதைப் பார்த்திருக்கிறார். கம்பெனி உஷாராக ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறது என்று நினைத்து மெச்சிக்கொண்டார். அக்காவின் மூச்சு குறைந்துகொண்டே வருவது டிரைவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவிதத்தில் மேஸ்திரிக்கும் தெரிந்திருந்தது. ஒரே வீட்டில் இருக்கிற தம்பிக்குத் தெரியவில்லை.

முதலாளியம்மாவிடம் போய், புது அமைப்பை இப்போது நிறுத்தி வைக்க வேண்டும், நான் ஒரு பெரிய விஷயத்தை விட்டுவிட்டேன் என்று நேராகச் சொன்னார். பழைய முறையை என்றைக்கு நிறுத்துவது என்று நாள் குறித்து, எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்தா என்று முதலாளியம்மா எரிந்து விழுந்தார். ஆமாம் என்றார் இவர். இந்தத் தொழிலில் படிகள் மேலே போய்க்கொண்டே இருக்காது. தேவைப்பட்டால் கீழே இறங்கி மறுபடி ஏறத்தான் வேண்டும். முதலாளியம்மா நம்பாமல், தானே கிடங்குக்கு இறங்கி வந்தார். இடது மூலையில் குனிந்து ஒரு நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தக் கம்பெனியை ஒற்றை வேனோடு ஆரம்பித்தவர் அவர்தான். வெகுநேரம் அந்த முடிச்சைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றைக்கு அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். அக்கா ஜன்னலோரம் இருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். அக்கா டியூப்பைச் சரிசெய்துகொண்டாள். தம்பியின் முகத்தைப் பார்த்தே எல்லாம் வெளியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நீ எங்கடா கேட்ட?” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் அப்புறம், அப்புறம்னு துருவுற. வீட்டுக்கு வந்தா, மருந்து சாப்பிட்டியான்னு ஒரே கேள்வி.” மறுபடி நின்றாள். “ஆமான்னு சொன்னா உன் வேலை முடிஞ்சுது.”

அதில் குத்தல் இல்லை. அவள் சும்மா நடந்ததைச் சொன்னாள். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. வாடிக்கையாளர் என்று ஒரு சதுரம் போட்டு, அதற்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்குள் கூடப் பிறந்தவளையும் உட்கார வைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பேனா இல்லை, காகிதம் இல்லை.

“அப்புறம்?” என்றார்.

அக்கா சொன்னாள். படி ஏறும்போது ஆரம்பித்ததைச் சொன்னாள். குளித்துவிட்டு வந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதைச் சொன்னாள். சொன்னால் இவன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொள்வான் என்று பயந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நின்று நின்று சொன்னாள். அவர் அவசரப்படுத்தவில்லை. காத்திருப்பதில்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பழகியிருந்தாரே.

மறுநாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்தை மாற்றினார்கள், ஆக்சிஜன் அளவைக் கூட்டினார்கள். பழைய நுரையீரலைத் திருப்பித் தர யாராலும் முடியாது என்பதையும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

கம்பெனியில் படத்தைத் திரும்ப வரைந்தார். நாடாவை எடுத்துவிட்டு நோயாளிகளின் கைபேசியில் ஒரு பொத்தான் வைக்கலாமே என்றாள் புரோகிராமர். அவர் சில வீடுகளுக்கு டிரைவரோடு வேனில் போய்விட்டு வந்து, வேண்டாம் என்றார். அந்த முடிச்சை அவர்கள் படுத்துக்கொண்டே போடுகிறார்கள், இருட்டிலும் போடுகிறார்கள். அதைவிட நல்ல பொத்தான் நம்மால் செய்ய முடியாது. முடிச்சு அப்படியே இருக்கட்டும். காலி சிலிண்டரை எடுக்கும்போது டிரைவர் தன் கையிலிருக்கும் கருவியில் முடிச்சுப் படத்தைத் தொட்டால் போதும். மீதியை அமைப்பு பார்த்துக்கொள்ளும். இரண்டு முடிச்சு தொடர்ந்து வந்தால் அந்த வீட்டை நேரில் போய் விசாரிக்கச் சொல்லித் திரையில் வர வேண்டும் என்று தானாக ஒன்றைச் சேர்த்தார். நிரம்பிய சிலிண்டர் ஒவ்வொன்றோடும் ஒரு நாடா போக வேண்டும் என்பதும் விதியாயிற்று. ஒரே ஒரு சிக்கல் மிச்சம். வீட்டிலிருந்து டிரைவருக்கு வரும் அந்த அம்புக்குப் பெயர் வைக்க வேண்டும். ‘தேவை அளவு’ என்றாள் புரோகிராமர். ‘நாடா’ என்றார் மேஸ்திரி. அப்புறம் சார் கேட்டுக்கொண்டார். பேனாவை வெகுநேரம் அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, ‘மூச்சு’ என்று எழுதினார்.

பழைய முறையை நிறுத்திவிட்டுப் புதியது மட்டும் தனியாக ஓடிய காலையில், எல்லோரும் அவரைக் கம்பெனியில் எதிர்பார்த்தார்கள். அவர் வீட்டில் இருந்தார். பின்னறையில், அக்காவுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம். போன் அதன் இடத்தில் பேசாமல் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவர் எழுந்து எழுந்து பார்த்தார். உட்காருடா, நீ எழுந்து நின்னா வேன் சீக்கிரம் வந்துடுமா என்றாள் அக்கா. அவருடைய மடியில் படத்தின் சின்னப் பிரதி ஒன்று இருந்தது. அக்கா அதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

அவர் ஒரு வட்டத்தைக் காட்டினார். முன்பு அந்த இடத்தில் ஒரு சதுரம் இருந்தது. அதை அழித்துவிட்டு வட்டமாகப் போட்டிருந்தார். எல்லா அம்புகளும் அதிலிருந்துதான் கிளம்பின.

வேன் வந்தது. டிரைவர் மாடி ஏறி வந்து, நிரம்பிய சிலிண்டர் இரண்டை இறக்கினார். அப்புறம் சார் விட்ட பெருமூச்சைக் கேட்டு அக்காவே திரும்பிப் பார்த்தாள். காலியை எடுப்பதற்கு முன்னால் டிரைவர் வழக்கம்போல ஒதுங்கி நின்றார். அக்கா தலையணைக்கு அடியிலிருந்து வெள்ளை நாடாவை எடுத்தாள். அவள் இதைச் செய்வதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. விரல்கள் நாடாவைக் கைப்பிடியில் சுற்றி, உள்ளே விட்டு, இழுத்தன. ஒரு முடிச்சு. கை அங்கே நின்றது. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வையை எடுக்கவில்லை. அவள் இரண்டாவது முடிச்சையும் போட்டாள்.

“அப்புறம்?” என்றார் அவர்.

“இன்னிக்கு ரெண்டுதான்” என்றாள் அக்கா. மூச்சு வாங்கிக்கொண்டாள். “நாளைக்கு உள்ளதை நாளைக்குக் கேளு.”

டிரைவர் கருவியில் முடிச்சுப் படத்தைத் தொட்டுவிட்டு, காலி சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.